காதோடு சொன்ன சாமி

ஓம் சரவணபவ!

தைப்பூசம் நல்லபடியா முடிஞ்சது. பாதயாத்திரை போனவங்க இன்னும் கால் கொப்புளத்துக்கு எண்ணெய் போட்டுட்டு இருப்பீங்க. போக முடியாதவங்க போன்ல நேரலை பார்த்து அரோகரா சொல்லியிருப்பீங்க. ரெண்டு பேரையும் அவன் ஒண்ணாத்தான் பார்ப்பான்.

வழக்கமா ஒரு தலத்தைப் பத்தி, ஒரு விரதத்தைப் பத்தி எழுதுவேன். இன்னைக்கு எங்க வீட்டைப் பத்தி எழுதப் போறேன். போன தைப்பூசம் 2025 பிப்ரவரி 11. இந்த தைப்பூசம் 2026 பிப்ரவரி 1. நடுவுல போன அந்த ஒரு வருஷம்தான் விஷயம். அற்புதம் எதுவும் நடக்கல. கனவுல வேல் வரல. ஆனா சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச சுவாமிமலை கதை, இந்த வருஷம்தான் எனக்குப் புரிஞ்சது.

எங்க ஊர் ஒட்டன்சத்திரம். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நடுவுல இருக்கு. தை மாசம் வந்தா எங்க வீட்டு வாசல் வழியாத்தான் காவடியும் பச்சை வேட்டியும் போகும். அப்பா இங்க காய்கறி மார்க்கெட்ல ஒரு கமிஷன் மண்டியில 30 வருஷம் கணக்கு எழுதினவர். நான் கோயம்புத்தூர்ல ஒரு ஐடி கம்பெனியில வேலை. வாரத்துல மூணு நாள் ஆபீஸ், மீதி நாள் வீட்ல இருந்து வேலை.

போன வருஷம் பூசத்துக்கு நானும் நடந்தேன். பழனிக்கு எங்க ஊர்ல இருந்து சுமார் 30 கிலோமீட்டர். நல்ல தரிசனம். அடுத்த ஞாயித்துக்கிழமை தங்கச்சி கல்யாணத்தைப் பத்திப் பேச மாமா, சித்தப்பா, அத்தை எல்லாரும் வீட்டுக்கு வந்தாங்க. எவ்வளவு பவுன் போடலாம்னு பேச்சு வந்தப்போ அப்பா தலையைக் குனிஞ்சுட்டு சொன்னார், "அந்த டெபாசிட்டை ஐப்பசியிலயே எடுத்துட்டேன்."

அவரோட பழைய கூட்டாளி ஒருத்தர் கடன் வாங்கினப்போ அப்பா ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கார். கூட்டாளி கட்டல. கடன் கொடுத்தவங்க அப்பாவைத் தேடி வந்துட்டாங்க. வீட்ல யாருக்கும் சொல்லாம, தங்கச்சிக்குன்னு வச்சிருந்த பணத்துல இருந்து 3 லட்சத்து 20 ஆயிரம் கட்டிட்டார்.

எனக்கு வந்த கோவத்துல எழுந்து நின்னு கத்தினேன். "ஊர்க் கணக்கெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்? சொந்த வீட்டுக் கணக்கு தெரியலையே உங்களுக்கு!"

யாரும் பேசல. அப்பா எழுந்து வாசலுக்குப் போய் உக்காந்துட்டார். அம்மா கொண்டுவந்த காபி அப்படியே ஆறிப் போச்சு. பழனிக்கு நடந்த கால் வலிகூட எனக்கு இன்னும் போகல. அதுக்குள்ள இப்படிப் பேசிட்டேன்.

தமிழ் வருஷங்கள் அறுபதுல அது 38-வது. அதோட பேர் குரோதி. குரோதம்னா கோவம். பஞ்சாங்கத்துல அந்தப் பேரைப் பார்த்தப்போ எனக்கே சுருக்குன்னு இருந்தது.

அதுக்கப்புறம் அப்பா என்கிட்ட பேசல. நானும் பேசல. என் மனசுல ஒரே ஒரு வாதம்தான்: நான் சொன்னது சரிதானே? அப்புறம் நான் ஏன் இறங்கிப் போகணும்?

பங்குனி போச்சு. சித்திரை பிறந்து விசுவாவசு வருஷம் வந்தது. சாப்பாடு ஆச்சான்னு கேக்கறதுக்குக்கூட நடுவுல அம்மாதான். "உங்கப்பா கேக்குறாருடா, பைக்குக்கு ஆயில் மாத்தணுமாம்." "அவர்கிட்ட சொல்லும்மா, நான் பார்த்துக்கறேன்." ஒரே ஹால்ல நாலடி தூரத்துல உக்காந்துட்டு இந்தப் பேச்சு. நான் ஏதாவது பின்னால இருந்து சொன்னாலும் அவர் திரும்ப மாட்டார். நான் மீட்டிங்ல இருக்கும்போது டிவியை சத்தமா வைப்பார். வேணும்னே பண்றார்னு நினைச்சேன். மனசுக்குள்ள அதையும் கணக்குல சேர்த்துக்கிட்டேன்.

இவ்வளவுக்கும் நடுவுல தினமும் காலையில கவசம் சொன்னேன். சஷ்டி விரதம் இருந்தேன். செவ்வாய்க்கிழமை அசைவம் தொடல. எதுவும் குறையல. அப்பாகிட்ட பேசறது மட்டும் இல்லை.

ஜூலை 7, திருச்செந்தூர் கும்பாபிஷேகம். உங்க எல்லாருக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும். விடியறதுக்கு முன்னாடியே எங்க வீட்ல டிவி ஓடுது. சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. தங்கச்சி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சா. அப்பா உடனே கேட்டார், "ஏம்மா, சத்தத்தையே நிறுத்திட்ட?" அவ நிறுத்தல. நாலு புள்ளிதான் குறைச்சிருந்தா.

அவ என்னைப் பார்த்து சொன்னா, "அண்ணா, அப்பாவுக்குக் காது கேக்கலைன்னு நினைக்கறேன்."

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் ஓடல. அஞ்சு மாசமா அவர் திரும்பிப் பார்க்காதது, பதில் சொல்லாதது, டிவி சத்தம்... அதுல எவ்வளவு கோவம், எவ்வளவு காது? நான் எல்லாத்தையும் கோவம்னே எழுதி வச்சுட்டேன்.

அந்த வாரமே திண்டுக்கல்ல ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட், பேச்சு இல்லை. டாக்டர் ரூமுக்கு வெளியே உக்காந்திருந்தோம். நர்ஸ் அப்பா பேரைச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. அவருக்குக் கேக்கல. அம்மாவும் கூட இல்லை. வேற வழியில்லாம நான் குனிஞ்சு அவரோட வலது காதுல சொன்னேன், "அப்பா, நம்மளைக் கூப்பிடறாங்க."

அஞ்சு மாசத்துல நான் அவர்கிட்ட நேரா சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

டாக்டர் பரிசோதனை பண்ணிட்டு, வயசோட வர்ற குறைதான், ரெண்டு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கும்னார். மெஷின் எழுதிக் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து ஒண்ணு சொன்னார். "தம்பி, இவர்கிட்ட கத்திப் பேசாதீங்க. கத்தினா சத்தம்தான் கூடும், வார்த்தை தெளிவாகாது. பக்கத்துல போய், முகம் பார்த்து, நிதானமா சொல்லுங்க."

நண்பர்களே, இப்போ சுவாமிமலைக்கு வருவோம்.

கதை உங்களுக்குத் தெரியும். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவை முருகன் குட்டி, சிறையில வச்சான். சிவபெருமான் வந்து விடுவிக்கச் சொன்னார். "சரி, உனக்கு அந்தப் பொருள் தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியும், சிஷ்யனா கேட்டா சொல்றேன்னான் பிள்ளை. அப்பா கேட்டார், பிள்ளை சொன்னான். அதனாலதான் அவன் தகப்பன்சாமி.

இந்தக் கதையைச் சொல்லும்போது நாம எல்லாரும் எதைப் பெருமையா சொல்லுவோம்? அப்பாவுக்கே பாடம் சொன்ன பிள்ளைங்கறதை. நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். சண்டைக்கு அப்புறம் மனசுக்குள்ள இந்தக் கதையைத் துணைக்குக்கூட இழுத்தேன். முருகனே அப்பாவுக்குச் சொல்லியிருக்கான், நான் சொன்னா என்ன?

ஆனா காலண்டர் படத்தைக் கொஞ்சம் நல்லா பாருங்க. முருகன் எங்கே சொல்றான்? அப்பா காதுல. கயிலாயத்துல எல்லாரும் கூடியிருக்கிற சபையில நின்னு, "உனக்கே தெரியலையா?"ன்னு கேக்கல. பக்கத்துல போய், ரகசியமா, அவருக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னான். உபதேசம் ரகசியமா இருக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க, அது உண்மை. ஆனா அதுக்குள்ள இன்னொண்ணும் இருக்குன்னு எனக்குத் தோணுது. அப்பாவோட மரியாதை குறையாம அப்பாவுக்கு உண்மையைச் சொல்ல முடியும். அதுக்கு ஒரு வழிதான் இருக்கு. பக்கத்துல போகணும்.

ஆபீஸ்ல நான் இதை ஒழுங்கா பண்றேன். என் டீம்ல ஜூனியர் பையன் எழுதின கோட்ல பெரிய தப்பு இருந்தா, குரூப்ல போட்டுக் கிழிக்க மாட்டேன். தனியா கூப்பிட்டு, ஸ்கிரீனைக் காட்டி, இங்க பாருப்பான்னு சொல்லுவேன். ரெண்டு வருஷம் பழகின பையனுக்குக் கொடுக்கற மரியாதையை, என்னைத் தூக்கி வளர்த்தவருக்கு மாமா, சித்தப்பா முன்னாடி கொடுக்கல.

நாம எல்லாரும் இதைப் பண்றோம். அப்பா குடும்ப வாட்ஸப் குரூப்ல ஏதோ ஒரு ஃபார்வர்டு போடுவார். நாம உடனே, அத்தனை சொந்தக்காரங்க பார்க்க, "அப்பா இது ஃபேக், சும்மா அனுப்பாதீங்க"ன்னு போடுவோம். விஷயம் சரிதான். ஆனா அதே விஷயத்தை அவருக்குத் தனியா அனுப்ப எத்தனை நொடி ஆகும்?

இன்னொரு பக்கமும் இருக்கு. பெரியவங்க எது பண்ணாலும் பொறுத்துட்டுப் போகணும்னு இந்தக் கதை சொல்லல. அப்பாவுக்குத் தெரியாததைப் பிள்ளை சொல்லித்தான் ஆகணும்னு சொல்லுது. எங்கப்பா பண்ணது தப்பு. மூணு லட்சம் சின்னப் பணம் இல்லை. வீட்ல சொல்லாம பண்ணது அதைவிடப் பெரிய தப்பு. அதை நான் சொன்னது தப்பே இல்லை. சொன்ன இடமும் சொன்ன சத்தமும்தான் தப்பு. உண்மை என் பக்கம் இருந்ததாலேயே எனக்கு அந்தத் தப்பு அஞ்சு மாசம் கண்ணுல படல.

அன்னைக்கு டாக்டர்கிட்ட இருந்து வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சோம். நான் மறுபடியும் அவர் காதுகிட்ட குனிஞ்சேன். "அப்பா..."

அவர் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு, தலையைச் சாய்ச்சு, வலது காதை என் பக்கம் கொடுத்தார். "சொல்லு சாமி" என்றார்.

எங்க பக்கம் பிள்ளைங்களை சாமின்னு கூப்பிடறது சாதாரணம். குழந்தையில இருந்து ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. அன்னைக்கு எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா."

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "பணத்து விஷயத்துல நீ சொன்னது சரிதான். உங்கம்மாகிட்ட சொல்லிட்டுப் போட்டிருக்கணும் கையெழுத்தை. ஆனா மச்சான் முன்னாடி சொன்னது..." அதுக்கு மேல சொல்லல. அப்புறம் சிரிச்சார். "எனக்கு எதுவுமே சரியா கேக்கறதில்ல. அன்னைக்கு நீ கத்தினது மட்டும் நல்லா கேட்டுச்சு."

அவ்வளவுதான். கட்டிப் பிடிக்கல, அழல. பழனி பஸ் வந்தது, ஏறி ஒட்டன்சத்திரத்துல இறங்கிட்டோம்.

அப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம். ஆவணியில தங்கச்சி கல்யாணம் நடந்தது. நினைச்சதைவிடக் குறைச்ச பவுன்தான் போட முடிஞ்சது. மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயத்தை முன்னாடியே சொல்லிட்டோம். சொன்னது அப்பாதான், நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்தக் கூட்டாளி இதுவரைக்கும் 40 ஆயிரம்தான் திருப்பித் தந்திருக்கார். மெஷினை அப்பா பாதி நாள் மாட்டறதில்ல, அம்மா அதுக்குத் தினமும் ஒரு சண்டை போடுவாங்க. ராத்திரி பத்து மணிக்கு நானும் அப்பாவும் உக்காந்து வீட்டுக் கணக்கு எழுதறோம். அவர் நோட்டுல, நான் லேப்டாப்ல. பாதி நாள் அவர் கூட்டல்தான் சரியா இருக்கு.

மார்கழியில நாலு பேரும், கூட மாப்பிள்ளையும், சுவாமிமலை போனோம். கீழே சுந்தரேஸ்வரர், மீனாட்சி சந்நிதி. முதல்ல அப்பா அம்மாவைக் கும்பிட்டுத்தான் மேலே பிள்ளைகிட்ட போகணும். மேலே ஏற 60 படி, தமிழ் வருஷங்கள் அறுபதையும் குறிக்குதுன்னு சொல்லுவாங்க. அப்பா மூட்டு வலியோட என் தோளைப் பிடிச்சுட்டு ஒவ்வொரு படியா ஏறினார். நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே போனேன். 38, குரோதி. அதுலயே நின்னுட்டா சாமியைப் பார்க்க முடியாது. 39, விசுவாவசு. கால் வச்சுத்தான் ஆகணும்.

இந்த வருஷம் பூசத்துக்கு நான் நடக்கல. அப்பாவும் நானும் வாசல்ல பெஞ்சைப் போட்டு, நடந்து போறவங்களுக்கு சுக்குக் காபி ஊத்திக் கொடுத்தோம். ஒரு பையன், இருபது வயசு இருக்கும், அப்பாகிட்ட வந்து பழனிக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டான். அப்பாவுக்குக் கேக்கல. அவன் கத்தப் போனான். நான் சொன்னேன், "கிட்ட போய் சொல்லுங்க தம்பி, கேக்கும்."

போன வருஷம் முருகன்கிட்ட நான் கேட்டது வெளிநாட்டு புராஜெக்ட். அது வரல. நான் கேக்காத ஒண்ணை அவன் கொடுத்திருக்கான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வர்ற சஷ்டிக்கு விரதம் இருக்கறவங்க இருங்க, கவசம் சொல்றவங்க சொல்லுங்க. அதோட, உங்க வீட்ல யார்கிட்ட நீங்க சரியான விஷயத்தைத் தப்பான இடத்துல சொல்லிட்டீங்களோ, அவங்க பக்கத்துல போய் உக்காருங்க. போன்ல டைப் பண்ணாதீங்க. காதோடு சொல்லுங்க. அப்படியே ஒருவேளை அவங்களுக்குக் காது சரியா கேக்குதான்னும் பாருங்க.

சுவாமிநாதன் துணை இருப்பான்.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!