காலாவதியும் கைவிடலும்

விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் திகதி நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலையும் விசையை அழுத்தியதும் அந்தக் கணனிகள் வழமைபோல எழுந்தன. பெட்டி, தாய்ப்பலகை, நினைவகம் என்று ஒவ்வொன்றாக வாங்கி, தானே திருகாணி முடுக்கிக் கணனி கட்டிக்கொண்ட ஒருவருக்கு (நானும் அவ்வகைதான்) 'காலாவதி' என்ற சொல் எரிச்சலூட்டுவது இயல்பே. உழுதுகொண்டிருக்கும் மாட்டுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எழுதுவது போன்றது அது.

ஆதரவு நின்றதென்றால் என்ன? மென்பொருளின் ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படும். அவற்றை அடைக்கும் திருத்தங்கள் எமக்கு வரமாட்டா. பணம் கட்டிய நிறுவனங்களுக்கோ விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜனவரி வரை போய்க்கொண்டிருந்தன. வீட்டுப் பாவனையாளருக்கு அவை விற்கப்படவுமில்லை. மருந்து அலுமாரியில் இருந்தது, திறப்பு வேறொருவர் கையில். எனவே கைவிட்டவரை விட்டுவிட்டு, கைவிடப்பட்டதை வைத்திருப்பவரிடம் மாத்திரம் அறம் கேட்பது நேர்மையாகாது.

ஆனால் இத்துடன் நாம் தப்பிவிடவும் முடியாது. 'என்னுடைய கணனி, போனால் என்னுடையது போகட்டும்' என்பார்கள். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் பழைய ஏ40களும் மொறிஸ் மைனர்களும் ஓடிய விதத்தை நினைத்துக்கொள்வோம். நாலு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்தக் கெட்டித்தனத்தில் எமக்கு இன்றும் பெருமை. பழையதை எறிய மனம் வராத குணம் அங்கிருந்துதான் எம்மோடு வந்தது போலும். கார் சொந்தக்காரருடையது. புகை, வீதியில் நின்ற எல்லோருக்கும்.

இணையக் கம்பி அந்தப் புகைக்குழாயைப் போன்றது. 2017 மே மாதம் வனாகிறை என்ற கணனிப்புழு ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவிப் பரவியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளர் சந்திப்புகள் ரத்தாயின. அப்போது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசொவ்ற் அவசரமாக ஒரு திருத்தத்தை எல்லோருக்கும் வெளியிட்டது. அதுவரை அது பணம் கட்டியவர்களுக்கே உரியதாக இருந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அன்று ஆதரவிலிருந்த விண்டோஸ் 7 கணனிகள். அவற்றுக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. பழமையின் மேல் முழுப்பழியையும் போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

என்னைப் பொறுத்தவரை, பழைய இயங்குதளத்தை ஓட்டுவதில் பிழையில்லை. ஓட்டை இருப்பது தெரிந்தும் அதை இணையத்தில் திறந்து வைத்திருப்பதில்தான் பிழை.

இதைச் சொல்வது எனக்கு இலகு; என்னிடம் இன்னொரு கணனி இருக்கிறது. இருக்கும் ஒரேயொரு பழைய கணனியில் மூன்று நாடுகளில் சிதறிய பிள்ளைகளின் முகம் பார்க்கும் முதியவரிடம் கம்பியைக் கழற்றச் சொல்வது வேறு விடயம். அவருக்கு யாராவது லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கலாம். இலவசமானது, பழைய இயந்திரத்திலும் ஓடும். பாமினி எழுத்துருவில் அடித்த அவரது கடிதங்களையும் அதில் வாசிக்கலாம். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய பழைய சஞ்சிகைகள்தான் இலகுவில் திறவா. அதற்கெனவே ஒரு விண்டோஸ் 98 கணனியைக் கம்பியில்லாமல் மேசைக்குக் கீழே வைத்திருப்பவர்கள் எம்மிடையே உண்டு. நண்பர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு தடவை தூசி தட்டி, அதை ஓடவிட்டுப் பார்த்து நிறுத்துவார்.