நடுவு நிலையும் ஒரு வாழ்க்கைக் குறிப்பும்

கலைக்களஞ்சியத்திற்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எளிய பணி என்றே பலரும் கருதுவர். பிறந்த ஊர், பயின்ற கல்வி, ஆற்றிய தொண்டு, படைத்த படைப்புகள் ஆகியவற்றை நிரல்பட அடுக்கிவிட்டால் குறிப்பு நிறைவெய்தும். அங்கே எழுதுவோனின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. ஆகவே பெரும் பிழை நேரவும் வழியில்லை என்பது அவர்தம் எண்ணம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒரே ஒரு குறிப்பு அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டது.

அண்மையில் நண்பர் ஒருவர், தாம் தொகுத்து வரும் நோக்கு நூலுக்காக ஆவணப்பட இயக்குநர் அறுவரைப் பற்றிச் சுருக்கமாக எழுதித் தருமாறு பணித்தார். அவ்வறுவருள் ஒருவர் அமெரிக்க நாட்டின் கிம்பர்லி ரீடு. அவரைப் பற்றிய குறிப்பை, 'ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறிய ஆவணப்பட இயக்குநர்' என்று தொடங்கியிருந்தேன். கல்லூரியில் பயிலும் என் மகள் கைப்படியைப் படித்துவிட்டு, "அப்பா, மற்ற ஐவருக்கும் முதல் வரியில் அவர்கள் செய்த வேலையைச் சொல்லியிருக்கிறீர்கள். இவருக்கு மட்டும் ஏன் உடம்பைச் சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். "அதில் பொய் ஏதும் இல்லையே, அம்மா" என்றேன். "பொய் என்று நான் சொல்லவில்லையே" என்றாள். அந்த விடையே இக்கட்டுரைக்கு வித்து.

உண்மையை மட்டுமே எழுதியும் ஒருவன் நடுவு நிலை தவற இயலுமா? இயலும் என்றே இப்பொழுது கருதுகின்றேன். நடுவு நிலைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கினார். கோலின் சிறப்பு யாது? பொருளைத் தட்டில் இடுவதற்கு முன்னரே அது தன்னளவில் சமனாக நிற்றல் வேண்டும். ஒரு தட்டின் அடியில் மெழுகு ஒட்டியிருக்குமாயின், இடும் படிக்கற்கள் அனைத்தும் நேர்மையானவையாக இருப்பினும் எடை பிழைபடும். நான் எழுதிய சொற்கள் நேர்மையான படிக்கற்களே. மெழுகு என் உள்ளத்தில் இருந்தது. ஏனை ஐவரின் உடலமைப்பு எனக்குச் செய்தியாகவே தோன்றவில்லை. இவருடையது மட்டும் தலைப்புச் செய்தியாகத் தோன்றிற்று.

அங்ஙனமாயின் அச்செய்தியை அறவே நீக்கிவிடலாமா? அதுவும் நேர்மையாகாது. ஏனெனில் ரீடு தம் வாழ்வையே படமாக்கியவர். 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'பிராடிகல் சன்ஸ்' என்னும் படம், விவிலியத்தில் வரும் கெட்ட குமாரன் கதையைத் தலைப்பிலேயே நினைவூட்டுவது. மொன்டானா மாநிலத் தலைநகராகிய ஹெலினாவில் வளர்ந்து, பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக் என்னும் முதன்மை இடத்தில் ஆடியவர், பல்லாண்டுகள் கழித்துப் பெண்ணாக அவ்வூருக்குத் திரும்பித் தம் பள்ளித் தோழர்களைச் சந்திக்கின்றார். படத்தின் மற்றொரு நடுநாயகர் அவருடைய தமையனார். தத்தெடுக்கப்பட்டவர், இளமையில் நேர்ந்த ஊர்தி விபத்தால் மூளையில் ஊறுபட்டவர், ஆர்சன் வெல்ஸ், ரீட்டா ஹேவொர்த் இணையரின் பேரர் எனப் படப்பிடிப்பு நடந்த காலத்தில் தெரிய வந்தவர். விபத்துக்கு முந்தைய நாட்களை இழக்க மனமின்றி அவர் பற்றிக்கொள்கின்றார். அதே நாட்களைப் பின்னே விட்டுவிட எண்ணியவர் தங்கையார். ஒரே கடந்த காலம் ஒருவருக்குப் பற்றுக்கோடு, மற்றவருக்குச் சுமை. இதனை மறைத்துவிட்டு அப்படத்தைப் பற்றி எவ்வாறு எழுதுவது?

ஆகவே ஒரு செய்தி மெய்யா என்பதோடு, அதற்குரிய இடம் எது என்பதையும் ஆராய்தல் வேண்டும். 2018-இல் வெளிவந்த 'டார்க் மணி' என்னும் அவருடைய படத்தை எடுத்துக்கொள்வோம். தேர்தல்களில் கூட்டு நிறுவனங்களின் பணம் புகாதவாறு மொன்டானா மக்கள் 1912-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிக்கொண்டனர். செப்புச் சுரங்கப் பெருஞ்செல்வர்கள் அரசியலை விலைக்கு வாங்கிய கொடுமையே அச்சட்டத்திற்குக் காரணம். 2010-ஆம் ஆண்டின் 'சிட்டிசன்ஸ் யுனைட்டெட்' தீர்ப்பையடுத்து, 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. இன்னார் தந்தது என்று அறிய இயலாத பணம் ஒரு மாநிலத்தின் குடியாட்சியை எவ்வாறு அரிக்கின்றது என்பதே அப்படத்தின் பொருள். இங்கே இயக்குநரின் பால் மாற்றத்திற்கு என்ன வேலை? 'பிராடிகல் சன்ஸ்' பற்றிய பத்தியில் சொல்ல வேண்டிய செய்தி, 'டார்க் மணி' பற்றிய பத்தியில் இடம்பெற்றால் அது வம்பாகிவிடும்.

பழைய பெயரைப் பற்றியும் இவ்வாறே எண்ணலாம். 1953-இல் எவரெசுட்டு வெற்றிச் செய்தியை இலண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு அனுப்பியவர் ஜேன் மாரிஸ். அன்று அவர் ஜேம்ஸ் மாரிஸ் என்னும் பெயரில் எழுதினார். 1960-இல் வெளிவந்த வெனிஸ் நகரம் பற்றிய நூலும் அப்பெயரிலேயே வெளிவந்தது. பின்னர்ப் பெண்ணாகித் தம் மாற்றத்தைப் பற்றி 1974-இல் தாமே நூல் எழுதினார். அவரது குறிப்பில் பழைய பெயரை விட்டுவிட்டால், நூலகத்தில் அந்நூல்களைத் தேடும் மாணவன் வழி தவறுவான். ரீடின் திறமோ வேறு. அவருடைய படங்கள் கிம்பர்லி ரீடு என்னும் பெயரிலேயே வெளிவந்தன. பழைய பெயரைக் கொண்டு தேடிப் பெற வேண்டிய படைப்பு ஏதும் இல்லாதபோது, அப்பெயரால் வாசகனின் ஆவல் தணியலாமேயன்றி அறிவு வளராது. ஒருவருக்குப் பழைய பெயரைத் தந்து, மற்றவருக்குத் தராதிருத்தல் ஓரவஞ்சனை அன்று. 'வாசகனுக்கு இது எதற்கு?' என்னும் ஒரே அளவுகோலை இருவர்க்கும் இட்டதன் விளைவே ஆகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். எழுதப்படுபவரின் விருப்பத்திற்கு இணங்கத் தொடங்கினால், கலைக்களஞ்சியம் முகமன் ஏடாகிவிடாதா? நல்ல வினாவே. விடை, எதற்கு எவர் சான்று என்பதைப் பகுத்துக் காண்பதில் உள்ளது. தம் பெயர் இன்னது, தாம் ஆண், தாம் பெண் என்று சொல்வதற்கு அவரவரே சான்று. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்று கூறியது. ஆனால் தம் படம் சிறந்தது என்பதற்கு இயக்குநர் சான்றாகார்; தம் செயல் நேரியது என்பதற்கும் அவர் சான்றாகார். குறை கூறிய திறனாய்வாளரின் கருத்தை அவர் விரும்பாவிடினும் எழுதத்தான் வேண்டும். பெயரை மதிப்பது வேறு, பணியை மதிப்பிடுவது வேறு. முன்னதை மறுத்துவிட்டுப் பின்னதில் கண்டிப்புக் காட்டுவதும், முன்னதை ஏற்றுவிட்டுப் பின்னதிலும் குழைவதும் நடுவு நிலைக்குப் பகையே.

தமிழில் எழுதுவோர்க்கு மொழியே ஓரளவு கைகொடுக்கின்றது. 'அவர் பிறந்தார், வளர்ந்தார், படம் எடுத்தார்' என்று எழுதும்போது பால் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுவோன் முதல் வாக்கியத்திலேயே முடிவு செய்ய வேண்டியதை நாம் மரியாதையால் கடந்துவிடுகின்றோம். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே எண்ணிப் பார்த்துள்ளார். எனினும் 'அவர்' என்னும் சொல்லுக்குப் பின்னே நாம் ஒளிந்துகொள்ளலாகாது. மகன் என்பதா, மகள் என்பதா? தம்பி என்பதா, தங்கை என்பதா? உறவுச்சொல் வருமிடத்தில் மொழி நம்மைக் கேட்டே தீரும். மேலே நான் 'தங்கையார்' என்று எழுதியபோது அவ்வினாவிற்கு விடை கூறிவிட்டேன்.

தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. இன்றோ கணினிவழிக் களஞ்சியத்தில் எழுதிய அன்றே, எழுதப்பட்டவரும் படிக்கலாம். அவரை வெறுப்போரும் படிக்கலாம். நாம் ஆராயாது இட்ட ஒரு சொல் பள்ளிப் பிள்ளையின் கட்டுரையிலும் நுழையும், வசை பாடுவோன் வாயிலும் நுழையும். பொறுப்பு முன்னினும் மிகுந்துள்ளது.

என் குறிப்பைத் திருத்தி எழுதினேன். முதல் வரி, 'அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். "பிராடிகல் சன்ஸ்", "டார்க் மணி" ஆகிய படங்களால் அறியப்பட்டவர்' என்றாயிற்று. அவர் திருநங்கை என்பதை, அவரே அதனைப் பொருளாக்கிய முதற்படத்தைப் பற்றிய பத்தியில் ஒரு வாக்கியத்தில் கூறினேன். 2014-இல் அரங்கேறிய 'ஆஸ் ஒன்' என்னும் இசை நாடகத்தின் உரைப்பகுதியை எழுதியவருள் அவரும் ஒருவர் என்பதையும் சேர்த்தேன். நீளம் முன்னிருந்த அளவேதான். செய்தி எதையும் மறைக்கவில்லை. இடம் மட்டுமே மாறிற்று.

மகளிடம் மீண்டும் கொடுத்தேன். படித்துவிட்டு, "இப்போது ஆறு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்" என்றாள். அதன் பின்னர் மற்ற ஐந்து குறிப்புகளையும் எடுத்து மறுமுறை படித்தேன். மெழுகு அவற்றின் அடியிலும் ஒட்டியிருக்கக் கூடுமன்றோ?