உவர்ப்பின்மை: தோலின் நோயும் உள்ளத்தின் சோர்வும்



நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை. வடமொழியில் இதனை நிர்விசிகித்சை என்பர். நோயுற்ற உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாது, அதனுள் உறையும் உயிரின் குணத்தைப் போற்றுதலே இதன் பொருள். இதற்குச் சான்றாக விளங்குபவன் உத்தாயண மன்னன். தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்ட உணவை அவன்மீதே உமிழ்ந்தான். மன்னனோ முகஞ்சுளிக்காது, தான் அளித்த உணவில் குறை நேர்ந்ததோ என வருந்தி, தன் கையாலேயே அம்மேனியைத் தூய்மை செய்தான்.

இக்கதையைப் பல்லாண்டுகள் பிள்ளைகளுக்குக் கூறிய நாம் அதன்வழி நின்றோமா? நம் வகுப்பில் ஒரு மாணவியின் முழங்கைகளில் வெண்செதில் உதிரும் சிவந்த படைகள் இருந்தன. பிற பெற்றோர் முறையிட, அவளைக் கடைசி வரிசையில் தனியே அமர்த்தினோம். பயிற்சிப் பள்ளியில் கற்ற சுகாதார விதியைக் கடைப்பிடித்ததாகவே எண்ணினோம். கணீரெனப் பாடம் படித்தவள் சில திங்களில் பேச்சை நிறுத்தினாள்; பின்னர்ப் பள்ளிக்கு வருவதையும் நிறுத்தினாள். அந்நோய் சோரியாசிஸ் என்பதைக் காலங்கடந்தே அறிந்தோம்.

நோயெதிர்ப்பு ஆற்றல் நெறிபிறழ, தோலணுக்கள் மிக விரைந்து பெருகுவதே இந்நோய். தொடுவதால் இது பரவாது. 2014இல் உலக நலவாழ்வுப் பேரவை இதனை நாட்பட்ட, தொற்றா நோய் என ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நமைச்சல் உறக்கத்தைக் கெடுக்கிறது. உடலின் அழற்சி மூளையையும் பாதிக்கக்கூடும். சுற்றத்தாரின் ஒதுக்கல் நாணத்தை வளர்க்கிறது. இவற்றால் மனச்சோர்வு பிறக்கிறது. மனவழுத்தமோ படைகளை மேலும் மிகுவிக்கிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் இச்சுழலில், ஒதுக்கல் என்னும் கண்ணியை அறுப்பது நம் கையில் உள்ளது.

“வேதனீய வினையின் பயன்” என்று கூறி விலகுவோர் உளர். அவர் வினை அவருடையது. நாம் கொள்ளும் அருவருப்போ நமக்குப் புதுவினை அன்றோ?

ஆதலின், அத்தகையோர் அருகில் அமர்வோம், உடன் உண்போம். தோல் மருத்துவரிடம் செல்பவர் உறக்கமும் ஊக்கமும் இழந்திருப்பின், மனநல மருத்துவரையும் நாடச் செய்வோம். வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினால், தனித்திருக்க விடாது, 14416 என்னும் அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண்ணில் உதவி பெறத் துணைநிற்போம்.

ஆண்டுதோறும் தசலட்சண நோன்பின் நிறைவில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகிறோம். அப்போதெல்லாம் அம்மாணவியின் முகமே நம்முன் நிற்கிறது. இனியொரு குழந்தையைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதிருப்பதே அவ்வேண்டுதலுக்குப் பொருள்.

அறம் வளர்க!