நகரச் சின்னத்தில் மூன்று சொற்கள்

கொடியும் சின்னமும் வெறும் துணியும் வண்ணமுமே என்று கூறுவோர் உளர். பெரும்பாலான சின்னங்களைப் பொறுத்தவரை யாமும் அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நகரம் தன் சின்னத்தில் 'யான் இரக்கமுடையேன்' என்று எழுதிக்கொள்ளுமாயின், அது மெய்யோ என வினவும் உரிமை மக்கட்கு உண்டன்றோ? ஒல்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம் அவ்வாறே எழுதிக்கொண்டுள்ளது.

அந்நகரின் கேடயம் செந்நிறம். நடுவே ஒரு கரும்பட்டை. அதன்மேல் ஒன்றன்கீழ் ஒன்றாய் மூன்று வெண்ணிறச் சாய்சிலுவைகள். தீ, வெள்ளம், கொள்ளைநோய் மூன்றையும் இவை குறிக்கும் என்பர் ஊரார், அதற்கு ஆதாரமில்லை. மேலுள்ள முடி, தமக்கு உதவிய நகரத்தார்க்கு மாக்சிமிலியன் மன்னர் 1489இல் அளித்த உரிமை. இருபுறமும் சிங்கங்கள். முடியையும் சிங்கத்தையும் விரும்பாத நகரம் எது?

அடியிலுள்ள மூன்று சொற்களே ஆராயத்தக்கவை. வீரம், உறுதி, இரக்கம் என்னும் பண்புகளைக் குறிக்கும் அவற்றை 1947இல் வழங்கியவர் வில்ஹெல்மினா அரசியார். காரணத்தைக் கேளுங்கள். ஜெர்மானியர் ஆட்சியில், 1941 பிப்ரவரியில், யூத இளைஞர் சுமார் 400 பேர் தெருக்களிற் பிடிக்கப்பட்டனர். அதனைப் பொறாது அம்மாதம் 25ஆம் நாள் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். டிராம் வண்டிகள் ஓடவில்லை. கப்பல் கட்டும் துறைகள் ஓய்ந்தன. முன்னின்றோர் பொதுவுடைமைக் கட்சியினர். அவர்களுள் பீட் நாக் தெருக்கூட்டுபவர். வில்லெம் கிரான் சாலை வேலையாளர். இருவரும் நகரசபையிற் கூலி பெற்றவர்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நகரசபையின் தெருவேலையைத் தமிழர் பெரிதும் சுமந்த காலத்தை அறிந்த எம் வாசகர்க்கு இதன் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மறுநாளே துப்பாக்கி முனையில் வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. கிரான் 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி மறுபுறத்தையும் காண்போம். அதே 1941இல் அதே நகரசபையின் அலுவலகத்தில் ஒரு நிலப்படம் வரையப்பட்டது. யூதர் வாழ்ந்த இடங்களை அது புள்ளியிட்டுக் காட்டிற்று. ஒரு புள்ளிக்குப் பத்துப் பேர். வரைந்தவர்கள் கொலைஞரல்லர், மேலிடம் கேட்டதைப் பிழையின்றிச் செய்த எழுத்தர்கள். பின்னர், வேலைநிறுத்தத்தில் நின்ற அந்த டிராம்களே யூதரைப் புகைவண்டி நிலையங்கட்குச் சுமந்து சென்றன. போர் முடிந்து உயிரோடு மீண்ட சிலரிடம், அவர்கள் இல்லாத காலத்து நிலக்குத்தகை நிலுவையையும் அபராதத்தையும் நகரசபை கேட்டது!

அங்ஙனமாயின் அம்மூன்று சொற்களும் பொய்யோ? யாம் அவ்வாறு கூறத் துணியோம். தெருக்கூட்டியவரின் இரக்கம் மெய். ஆயின் அது அலுவலகத்தின் ஆணையை மீறிப் பிறந்தது. பின்னர் அலுவலகமே அதனைத் தன் அணியாகப் பூண்டது. அச்சொற்களை நீக்கிவிடுக என்பார்க்கும் யாம் உடன்படோம். நீக்கினால் நாக்கும் கிரானும் மறைவர். கடுதாசியில் அபராதம் எழுதியவர்க்கும் நாணவேண்டிய காரணம் ஒன்று குறையும். மாக்சிமிலியனின் முடி, செய்த உதவிக்குப் பெற்ற கைம்மாறு. இச்சொற்களோ நகரம் தன் தொழிலாளரிடம் வாங்கிய கடன்.

அக்கடனில் ஒரு பகுதி 2016இல் தீர்க்கப்பட்டது. தவறாகக் கொண்ட பணத்திற்கு ஈடாக நகரசபை யூத சமூகத்தார்க்கு 1 கோடி யூரோ அளிக்க இசைந்தது. நகரத்தின் பெயரால் மன்னிப்புக் கோரும் சொல்லை நகரத் தலைவர் பெம்கே ஹல்செமா கூறியது 2025இல். சின்னத்தில் 'இரக்கம்' ஏறி அப்போது 78 ஆண்டுகள் சென்றிருந்தன.