அச்சமும் துரோகமும்

மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 'மதங்க சூளாமணி'யில் (1926) சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு இயைத்து ஆராய்ந்தார். அவ்வழிநின்று 'மக்பெத்' நாடகத்தை நோக்கின் ஓர் அறவினா எழுகின்றது: அச்சம் துரோகத்தின் காரணமா, விளைவா?

தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் ஆகிய நான்கினின்றும் அச்சம் பிறக்குமென்பது தொல்காப்பியர் கருத்து. நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன. மக்பெத்தோ, தன் இல்லில் விருந்தினனாய்த் துயின்ற மன்னனைக் கொன்று முடியைக் கவர்ந்தவன். கள்வனும் அவனே, அரசனும் அவனே. ஆகவே அச்சத்தின் நிலைக்களம் அவனுள்ளேயே அமைந்துவிட்டது. நண்பன் பாங்கோவை அவன் கொல்வித்தமை அவ்வச்சத்தால். அக்கொலையும் அச்சத்தைத் தணியாது பெருக்கிற்று.

முதல் துரோகத்தை ஆசை செய்வித்தது. அடுத்ததை அச்சம் செய்வித்தது. எனவே, துரோகத்தின் விளைவாய்த் தோன்றிய அச்சமே மறு துரோகத்துக்குக் காரணமாகின்றது. அவ்வச்சத்தை விதைத்தவன் தானேயாதலின், அஞ்சிச் செய்தேன் என்பது அவனுக்குத் தக்க விடையாகாது.