பெற்ற உதவியும் உற்ற கடமையும்

உதவித்தொகையைக் கொண்டு பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவன், கொடுத்தோர் முன் கைகட்டி நிற்க வேண்டியவனா? அன்றித் தனக்குரியதைத் தலைநிமிர்ந்து கேட்டுப் பெறுபவனா? தமிழகத்தை விட்டு வந்து, பிள்ளைகளின் கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டு வாழும் நம்மனோர்க்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பப் படிவத்தை விரிக்கும்போதெல்லாம் நம் வீடுகளில் எழும் வினா.

செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தது வள்ளுவம். ஒருவர் தம் கைப்பொருளை ஈந்தால் நன்றி சென்று சேரும் இடம் தெளிவு. பொதுப்பணத்திலிருந்து வரும் தொகைக்கு யாரிடம் நன்றி கூறுவது?

இவ்வினாவின் இருபுறத்தையும் வாழ்ந்து கண்டவர் கணிதமேதை இராமானுஜன். 1904இல் குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார்; ஆங்கிலத்தில் தேறவில்லை; உதவித்தொகை நின்றது. கட்டணம் செலுத்த இயலாத எளிய குடும்பம். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார் அப்பிள்ளை.

குற்றம் யாருடையது? அவர் விதியை மதிக்கவில்லை என்பது உண்மை. பின்னாளில் மேதையானார் என்பதற்காக அதனை மறைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த தேர்வை எழுதுகிறான். ஏழை வீட்டுப் பிள்ளை தவறினால் கல்லூரியையே இழக்கிறான். தவறு ஒன்றாயிருக்கத் தண்டனை இரண்டாவது எவ்வாறு முறையாகும்?

இன்றும் நடுவணரசு கல்லூரி மாணவர்க்கு வழங்கும் உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். விதியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அவ்விதி சேரும் நாளிலேயே மாணவனுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கப்பட வேண்டும். நோயாலோ குடும்பத் துயராலோ சறுக்கியவனைக் காரணம் கேட்டபின்பே தள்ளவேண்டும். தொகை உரிய காலத்தில் கைக்கு வரவேண்டும். தேர்வு முடிந்தபின் வரும் பணம், பந்தி எழுந்தபின் போடும் இலை. இவற்றைக் கேட்பது நன்றிகெட்ட செயலாகாது, மாணவனின் உரிமை.

இனி, இராமானுஜனின் பிற்கால வாழ்வைப் பார்ப்போம். நெல்லூர் ஆட்சித்தலைவராயிருந்த இராமச்சந்திர ராவ் சிறிது காலம் தம் சொந்தப் பொருளிலிருந்து திங்கள்தோறும் அவருக்கு உதவினார். பிறர்க்கு நெடுநாள் சுமையாயிருக்க மனம் ஒப்பாமல், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலையை ஏற்றார் இராமானுஜன். அவரே மறு ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தபோது அதனை ஏற்றுக்கொண்டார். முன்னது ஒருவரின் பரிவு. பின்னது ஒரு பணிக்காக ஒதுக்கிய பொதுநிதி. அதற்கும் நிபந்தனை இருந்தது: மூன்று திங்களுக்கொருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும். 1914இல் இங்கிலாந்து புறப்படுமுன் மூன்று அறிக்கைகள் தந்தார். குடந்தையில் விதியை மீறிய அதே மனிதர்தாம்! குடந்தை விதி அவரை அவருடைய வேலையிலிருந்து பிரித்தது. சென்னை விதி அவ்வேலையையே கணக்குக் கேட்டது.

மாணவனின் கடமையைப் பேசுமுன் பெற்றோராகிய நம் கடமையையும் சிறிது பேசவேண்டும். கசப்பாயினும் பேசத்தான் வேண்டும். நகரில் நல்ல ஊதியம் பெற்றுக்கொண்டே, ஊரிலுள்ள காணி நிலத்தின் வருவாயை மட்டும் காட்டி, வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்கிவரும் வழக்கம் நம்மிடையே அறவே இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? "எல்லாரும் செய்வதுதானே, அரசாங்கப் பணந்தானே" என்பது நாம் கூறும் அமைதி. மேற்சொன்ன நடுவணரசுத் திட்டத்தில் ஆண்டுக்குப் புதிதாக வழங்கப்படுபவை 82,000 இடங்களே. தகுதியற்ற ஒருவர் உள்ளே நுழைந்தால் வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார். நாம் ஏமாற்றுவது அரசை அன்று. முகமறியாத, நம் பிள்ளையின் வயதே உடைய, நம்மினும் எளிய வீட்டுப் பிள்ளையை.

பொதுப்பணத்துக்கு யாரிடம் நன்றி கூறுவது என்ற வினாவுக்கும் விடை அவ்வரிசையிலேயே இருக்கிறது. உதவி பெற்றவன் கடன்பட்டிருப்பது கையொப்பமிட்ட அதிகாரிக்கு அன்று. தனக்குப் பின்னால் நிற்பவனுக்கு. அந்தக் கடனைத் தொகையாகத்தான் திருப்ப வேண்டுமென்பதில்லை. ஒழுங்காகப் படிப்பதும், வேலை கிடைத்தபின் தேவையற்ற உதவியை விட்டுக்கொடுப்பதும், இளையவர்க்குப் படிவம் நிரப்பித் தருவதுங்கூட அதன் தவணைகளே.

1919 சனவரியில், இங்கிலாந்தில் நோயுற்றிருந்த இராமானுஜன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்ததற்கு நன்றி கூறிவிட்டு, தாயகம் திரும்பியபின் அத்தொகை தம் தேவைக்கு மிஞ்சியது என்றார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் போகத் தம் செலவுக்கும் எடுத்து, எஞ்சியதை ஏழைச் சிறுவர்க்கும் பெற்றோரற்றவர்க்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் செலவிடலாமென்று கேட்டுக்கொண்டார். கட்டணம் கட்ட வழியின்றி வீட்டைவிட்டுச் சென்ற நாளுக்கும் அக்கடிதத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை.