மடியில் கனம்

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன இந்தப் பழமொழிக்கு இன்று புதிதாக ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. கைப்பேசியில் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகளைச் சர்க்கார் படிக்கலாமா, கூடாதா என்று பேச்சு எழும்போதெல்லாம் நல்லவர்களும் படித்தவர்களுமான பலர் இதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். “பார்த்துவிட்டுப் போகட்டுமே! நான் என்ன கொலை செய்கிறேனா, கொள்ளை அடிக்கிறேனா? மறைக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?” என்கிறார்கள்.

இப்படிக் கேட்பவர்களை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவர்கள் இதைக் கேட்கும்போது அவர்களுடைய மனக்கண்ணில் சில உயிரற்ற உடல்கள் கிடக்கின்றன.

2018-ஆம் ஆண்டு மே மாதம், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிடக் காரில் புறப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூரில் வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்தில் அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அவர் சாக்லெட் கொடுத்தார். பாட்டி என்றால் கொடுக்கத்தானே செய்வாள்! ஆனால் அந்த வட்டாரத்துக் கைப்பேசிகளில் சில நாட்களாகவே ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பிடிக்கும் கும்பல் ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறதாம். கூட்டம் கூடியது. அடித்தார்கள். அந்தத் தாய் இறந்துபோனார். அடுத்த ஜூலை முதல் தேதி, மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில், ரெயின்பாடா என்ற சிற்றூரில், பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடிகள் ஐந்து பேர் இதே வதந்திக்கு இரையானார்கள்.

இந்த வதந்தியை முதலில் கிளப்பியவன் யார்? அவனைப் பிடித்திருந்தால் இந்த உயிர்கள் பிழைத்திருக்குமே என்று எந்த மனிதனின் நெஞ்சும் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், ‘பிடிக்க முடியாது, செய்திகள் பூட்டப்பட்டிருக்கின்றன’ என்பதுதான். 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் போகும் ஒவ்வொரு செய்தியும் அனுப்புகிறவருடைய கைப்பேசியிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. அதைத் திறக்கும் சாவி பெறுகிறவருடைய கைப்பேசியில் மட்டுமே உண்டு. பெட்டியைச் சுமந்து செல்லும் கம்பெனிக்குக்கூட உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆகவே 2021-இல் மத்திய சர்க்கார் ஒரு விதி செய்தது. கடுமையான குற்றங்களில், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ கேட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கம்பெனி சொல்லியாக வேண்டும் என்பது அந்த விதி. ஒரு செய்தியின் தலைவாயைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எல்லாருடைய எல்லாச் செய்திகளுக்கும் அடையாளம் இட்டு வைக்க வேண்டும். அதைச் செய்ய இயலாது என்று வாட்ஸ்அப் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

சட்ட வாதத்தை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது அதற்கு அடியில் இருக்கும் தர்மம். யோக்கியனுக்குப் பூட்டு எதற்கு?

முதலில் அந்தப் பழமொழியையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மடியில் இருக்கும் கனம் என்பது என்ன? வேட்டி மடிப்பிலோ சேலை முந்தானையிலோ முடிந்து வைத்த பணம். பெண்ணின் கல்யாணத்துக்கு நகை வாங்கச் சேர்த்ததாக இருக்கலாம். நெல் விற்ற காசாக இருக்கலாம். அதைச் சுமந்து வருகிறவன் திருடன் அல்லன். அவன் யாரைக் கண்டு அஞ்சுகிறானோ, அவன்தான் திருடன்! நம் முன்னோர் கனம் என்று சொன்னது பொருளை. நாம் அதைக் குற்றம் என்று மாற்றிக்கொண்டுவிட்டோம். மடியில் கனம் இருப்பது பாவம் அன்று. வாழ்கிற மனிதன் எவனுக்கும் ஏதாவது ஒரு கனம் இருந்தே தீரும்.

என்ன கனம் என்று கேட்கிறீர்களா? மார்பில் கட்டி என்று வைத்தியர் சொன்னதை வயதான தாயிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கும் மகள். வேலை போனதை வீட்டில் சொல்ல வாய் வராமல் தினமும் சோற்று டப்பாவோடு புறப்பட்டுப் போகும் கணவன். மேலதிகாரி வாங்கும் லஞ்சத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரரிடம் சொல்லலாமா என்று தவிக்கும் குமாஸ்தா. இவர்களில் யார் குற்றவாளி? ஆனாலும் இவர்களுடைய செய்திகளை ஊரறியப் படிக்கலாமா?

தபால் கார்டு காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கார்டில் எழுதியதைத் தபால்காரர் படிக்கலாம், எதிர்வீட்டுக்காரர் படிக்கலாம், வாசலில் வாங்கிக்கொள்ளும் யாரும் படிக்கலாம். ஒரு பெண் புகுந்த வீட்டிலிருந்து தாய்க்குக் கார்டு எழுதினால், போடுவதற்கு முன்னால் மாமியாரும் ஒருமுறை பார்த்துவிடுவாள். அதனால் அந்தப் பெண் என்ன எழுதினாள்? “இங்கு அனைவரும் சௌக்கியம். நானும் சௌக்கியம்.” முதுகில் தழும்போடு இருந்தவளும் அதையேதான் எழுதினாள். உறையில் போட்டு ஒட்டிய கடிதத்தில்தான் உண்மை வெளிவந்தது. கார்டைப் படித்த மாமியாரைக் கேட்டால், ‘மறைக்க ஒன்றுமில்லாத பெண் எதற்காக உறை தேடுகிறாள்?’ என்றுதான் கேட்டிருப்பாள்!

கதை எழுதுகிறவன் பாத்திரங்களின் அந்தரங்கத்தில் புகுந்து எல்லாவற்றையும் பார்க்கிறான், உங்களுக்கும் காட்டுகிறான். பாத்திரங்கள் யாரும் உயிரோடு இல்லை என்பதால் அது பாவமாவதில்லை. உயிருள்ள மனிதர்களிடம் அதையே செய்தால், அவர்கள் மனிதர்களாக இல்லாமல் வேஷக்காரர்களாகிவிடுவார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்த இடத்தில் பொய் வளரும். கண்காணிப்பு குற்றத்தைக் குறைக்கலாம்; உண்மையையும் குறைத்துவிடும். இதை எண்ணிப் பார்க்காமல் யாரும் சாவியை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

நம் நாட்டு நீதிமன்றமே இந்தப் பாடத்தைக் கற்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் கரக் சிங் என்று ஒருவர் இருந்தார். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ் அவர் பெயரில் திறந்த ஏட்டை மூடவில்லை. காவலர்கள் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவார்கள், பெயர் சொல்லிக் கூவுவார்கள், உறக்கத்திலிருந்து எழுப்புவார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1962-இல் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். இரவில் வீட்டுக்கு வருவது தவறு என்றார்கள். ஆனால் அந்தரங்கம் என்று ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை, மற்றக் கண்காணிப்புகள் நடக்கலாம் என்று பெரும்பான்மையோர் சொல்லிவிட்டார்கள். நீதிபதி சுப்பா ராவும் இன்னொரு நீதிபதியும் மட்டும் அதை ஏற்கவில்லை. கால்களைக் கட்டாவிட்டாலும், எப்போதும் ஒரு கண் தன் மேல் இருக்கிறது என்ற எண்ணம் மனிதனை உள்ளிருந்தே கட்டிவிடும் என்பதுதான் சுப்பா ராவின் கருத்து.

அந்தச் சிறுபான்மைக் குரல் வென்ற நாள் 2017 ஆகஸ்ட் 24. ஆதார் அட்டையை எதிர்த்து 2012-இல் வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. அப்போதே அவர் எண்பது வயதைக் கடந்தவர். அந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அந்தரங்கம் வசதி படைத்தவர்களின் கவலை, ஏழைக்கு அது எதற்கு என்ற வாதத்தையும் நிராகரித்தார்கள். இந்த உரிமைக்கு எல்லையே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தக்க அளவோடு நிற்க வேண்டும். அப்போது சர்க்கார் தலையிடலாம்.

இந்த அளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சந்தேகத்துக்கு உரிய ஒருவனுடைய கடிதத்தை, காரணத்தை எழுதி வைத்து, பொறுப்புள்ள ஒருவர் கையெழுத்திட்டுப் பிரிப்பது ஒன்று. நாட்டில் செய்யும் உறைகளையெல்லாம் பிரிக்கத் தக்கவையாகவே செய்யச் சொல்வது வேறு. ஒரு வீட்டைச் சோதனை போட வாரண்டு உண்டு. அதற்காக, ஊரில் எல்லா வீட்டுக் கதவுகளுக்கும் ஒரே சாவி செய்து காவல் நிலையத்தில் மாட்டி வைக்கலாமா?

மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கிரேக்க நாடு சாட்சி. ஆதென்ஸ் நகரில் 2004-இல் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது, ஒரு பெரிய கைப்பேசிக் கம்பெனியின் இயந்திரங்களில் போலீஸ் ஒட்டுக் கேட்பதற்கென்று அமைந்த வசதிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். பிரதம மந்திரி கரமன்லிஸ் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் பேச்சு பல மாதங்கள் திருடப்பட்டது. 2005 மார்ச்சில்தான் கம்பெனிக்கே அது தெரிந்தது. அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கையானது. 2016-இல் எஃப்.பி.ஐ. ஒரு கொலையாளியின் ஐஃபோனைத் திறந்து கொடுக்கும்படி ஆப்பிள் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தது. 2024-இல், போலீஸ் ஒட்டுக் கேட்பதற்காகத் தொலைபேசிக் கம்பெனிகள் வைத்திருந்த அமைப்புகளில் சீனாவின் ஆட்கள் புகுந்துவிட்டதாக அமெரிக்க அதிகாரிகளே அறிவித்தார்கள். அதன்பின் அவர்கள் ஜனங்களுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? ‘பூட்டிய செய்திகளையே அனுப்புங்கள்!’ நல்லவனுக்கு மட்டும் திறக்கும் கதவைச் செய்யக் கூடிய தச்சன் இன்னும் பிறக்கவில்லை.

சரி, அத்திமூர்த் தாய்க்கு என்ன பதில்? பூட்டு வேண்டும் என்று வாதாடுகிறவன் இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காமல் நழுவினால், அவன் வாதம் கோழையின் வாதம்.

முதல் ஆளைத் தேடிப் போவோம். அந்த ஆண்டில் நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக எடுத்த விளம்பரப் படம். குழந்தையைத் தூக்கிச் செல்பவன் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக அது முடியும். யாரோ அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டார்கள். வெட்டியவன் அயோக்கியன்தான், அகப்பட்டால் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அவன் ஒருவன். அதைப் பார்த்துப் பதறி, உண்மையா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். அவர்கள் பிள்ளை குட்டி உடையவர்கள். ஊருக்கு நல்லது செய்வதாக நம்பியவர்கள். மடியில் கனமே இல்லாதவர்கள்! அடித்தவர்களும் அப்படித்தான். அந்த ஆண்டின் இத்தகைய கொடுமைகள் பலவற்றைச் செய்தவர்களே பட்டப்பகலில் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பினார்கள். மறைக்க ஒன்றும் இருப்பதாக அவர்கள் நினைக்கவே இல்லை. மறைக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் யோக்கியதைக்கு அத்தாட்சி ஆகாது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டுமா?

அந்தக் கூட்டத்தைத் தடுத்திருக்கக் கூடியது திறந்த உறை அன்று. ‘பொறு, விசாரிப்போம்’ என்று சொல்லும் ஒரு வாய். அந்த ஜூலையிலேயே வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. யாருடைய கடிதத்தையும் படிக்காமலே வதந்தியின் காலில் ஒரு கட்டை கட்ட முடிந்தது. மிச்சக் கட்டையை நம் விரலில் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். தெரியாத செய்தியை அனுப்புவது, தெரியாத மனிதன் கொடுத்த பொட்டலத்தை நம் பெயரில் அடுத்த வீட்டில் சேர்ப்பது போன்றது. பூட்டைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் சர்க்காரின் காவல் வேண்டாம் என்கிற இடத்தில் தன் காவலைத் தானே போட்டுக்கொள்ளாதவன், அந்த உரிமையைக் கடனாக வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன்.

வள்ளுவர் அரசனுக்கு ஒற்றர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொருட்பாலில் ஒற்றாடலுக்கு ஒரு முழு அதிகாரமே வைத்தார். ஆனால் அதற்கு நேர் முன்னால் அவர் வைத்த அதிகாரம் கண்ணோட்டம். பிறரை இரக்கத்தோடு பார்க்கக் கற்ற கண்ணுக்குத்தான் ஒற்றறியும் வேலையைத் தரலாம் என்று அந்த வரிசையைப் படிக்கத் தோன்றுகிறது. ஆளுகிறவர்களுக்கு மட்டும் அன்று, கையில் கைப்பேசி வைத்திருக்கும் நமக்கும் அந்த வரிசை பொருந்தும். குழந்தைக்கு இனிப்பு நீட்டிய ஒரு கிழவியைப் பார்த்தபோது, அங்கே முதலில் வேலை செய்திருக்க வேண்டிய கண் எது?